எலக்ட்ரிக் கிட்டார் பாடிக்குப் புது நிறம், நெக்கிற்குத் தேன் நிறம்: சிங்கப்பூர் ஈரக்காற்றில் செய்யும் முறை

கிட்டாருக்கு நிறம் மாற்றச் சொல்லித்தரும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. ஸ்பிரே டப்பாவை வெந்நீரில் வைத்துச் சூடேற்றுங்கள், காலையிலேயே தொடங்குங்கள் என்று அவற்றில் இருக்கும். அதை இங்கே அப்படியே செய்தால் பூச்சு பால்போல் வெளுக்கும். அல்லது ஒரு மாதம் கழித்தும் நகம் பட்ட இடத்தில் பள்ளம் விழும். சிங்கப்பூரில் இந்த வேலைக்கு நாளும் நேரமும் குறிப்பது காற்றில் உள்ள ஈரம்தான். கைத்திறன் அதற்கு அடுத்தது. குறைவாக உரித்து, மெல்லியதாக அடித்து, நீண்ட நாள் காயவிட்டால் முதல் முயற்சியிலேயே நல்ல கிட்டார் கைக்கு வரும்.

ஈரமும் நேரமும்

மழை இல்லாத நாளில்கூட இங்கே விடியலுக்குமுன் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். பிற்பகலில் 60 விழுக்காடு அளவுக்கு இறங்கும். இந்த வேறுபாட்டை எண்ணால் பார்த்தால் காரணம் விளங்கும். காலையில் 27 டிகிரி வெப்பம், 90 விழுக்காடு ஈரம் என்றால், ஒரு பரப்பு 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அதன்மேல் நீர் பனிக்கும். லேக்கர் எனும் விரைவாகக் காயும் பூச்சை அடித்ததும் அதிலுள்ள தின்னர் என்ற கரைப்பான் ஆவியாகிப் பரப்பைக் குளிர்விக்கிறது. அந்த இரண்டு டிகிரி ஒரு நொடியில் போய்விடும். பனித்த நீர் பூச்சுக்குள் சிக்கிக்கொள்ளும். வெண்புகை படிந்ததுபோல் தெரிவது இதுதான். பிற்பகலில் 32 டிகிரி, 60 விழுக்காடு என்றால் நீர் பனிக்கக் கிட்டத்தட்ட 9 டிகிரி குளிர வேண்டும். மெல்லிய கோட் அவ்வளவு குளிராது.

ஆகவே மலிவான ஈரப்பத மானி ஒன்று வாங்கி, வேலை செய்யும் இடத்திலேயே வையுங்கள். 70 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அடிக்கலாம். 75ஐத் தாண்டினால் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு உப்புத்தாள் வேலையைப் பாருங்கள். பெரும்பாலான நாள்களில் பிற்பகல் ஒன்றிலிருந்து நான்கரை வரை உகந்த நேரம். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இந்தக் கணக்கு தவறும், ஏனென்றால் அப்போது இடிமழை பிற்பகலில்தான் வரும். வானிலைச் செயலியில் மழைப்படத்தைப் பார்க்காமல் தொடங்கக் கூடாது. தள்ளிப்போட முடியுமென்றால் பிப்ரவரியில் செய்யுங்கள், ஆண்டின் வறண்ட மாதம் பொதுவாக அதுதான். டிசம்பரை விட்டுவிடுங்கள்.

எங்கே அடிப்பது

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் பொதுத் தாழ்வாரத்தில் ஸ்பிரே அடிக்க வேண்டாம். அது பக்கத்து வீட்டாரின் மூச்சுக்காற்று. பறக்கும் தூசி அவர்கள் காயப்போட்ட துணியிலும் கதவிலும் ஒட்டினால் போகாது. சமையலறைப் பின்கட்டு இன்னும் மோசம். கேஸ் அடுப்பும் கேஸ் வாட்டர் ஹீட்டரும் இருக்கும் இடத்தில் தின்னர் ஆவி சேர்ந்தால் தீப்பிடிக்கும். தரை வீட்டில் இருக்கும் உறவினரோ நண்பரோ கார் நிறுத்துமிடத்தை ஒரு பிற்பகல் தந்தால் அதுவே சிறந்த இடம். மூன்று பக்கமும் அட்டைப்பெட்டிச் சுவர் வைத்து, தரையில் நீர் தெளித்துத் தூசியை அடக்கி, காற்று உங்கள் முதுகுப்பக்கமிருந்து வரும்படி நில்லுங்கள்.

அப்படி இடம் கிடைக்காதவர்களுக்கு இரண்டு வழி உண்டு. தேய்ப்பு, பட்டி, பாலிஷ் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துகொண்டு, அடிப்பதை மட்டும் கார் பெயிண்ட் பட்டறையில் கொடுக்கலாம். நெக் எனப்படும் கழுத்துப்பகுதியின் வேலையை ஸ்பிரே இல்லாமல், துணியால் தடவும் முறையில் வீட்டிலேயே முடிக்கலாம். அதைக் கீழே விளக்கமாகச் சொல்கிறோம்.

மூச்சுக்கவசம் பற்றி ஒரு வார்த்தை. மருத்துவ முகக்கவசமோ என்95 கவசமோ தின்னர் ஆவியைத் தடுக்காது. கரிமப் பொருள் ஆவிக்கான வடிகட்டியும் அதன்மேல் தூசி வடிகட்டியும் பொருந்திய ரப்பர் கவசம் வேண்டும். கிளியர் என்பது நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு. ‘2கே’ எனப்படும் இரு பொருள் கிளியரில் ஐசோசயனேட் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. அதற்கு மணம் எச்சரிக்கையாக வராது. வடிகட்டி தீர்ந்துபோனதும் தெரியாது. மூச்சுத்திணறல் நோயை அது நிரந்தரமாகவே உண்டாக்கக்கூடும். 2கே போட ஆசைப்பட்டால் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். இந்த ஒன்றில் சமரசம் வேண்டாம்.

வாங்க வேண்டியவை

ஒரு பாடிக்கு 400 மி.லி. டப்பாக் கணக்கில் பிரைமர் (அடிப்பூச்சு) ஒன்று, நிறம் இரண்டு, கிளியர் மூன்று போதும். மூன்றையும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையில் வாங்குங்கள். நிப்பான் பைலாக்ஸ் போன்ற அக்ரிலிக் டப்பாக்கள் அக்கம்பக்கத்து ஹார்ட்வேர் கடையிலேயே கிடைக்கும். குறிப்பிட்ட கார் நிறம் வேண்டுமென்றால் கார் பெயிண்ட் கலக்கும் கடையில் நிற எண்ணைச் சொல்லி டப்பாவில் அடைத்து வாங்கலாம். வெளிநாட்டிலிருந்து நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் ஸ்பிரே தருவிக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்: ஸ்பிரே டப்பா தீப்பற்றும் பொருள், சாதாரண விமான அஞ்சலில் ஏற்க மாட்டார்கள்.

உப்புத்தாள் 240, 320, 400, 600, 800, 1000, 1500, 2000 ஆகிய எண்களில் இரண்டிரண்டு தாள். தேய்க்கத் தட்டையான ரப்பர் கட்டை. லைட்டரில் ஊற்றும் நாஃப்தா ஒரு டப்பா, நல்ல மாஸ்கிங் டேப், கார் பட்டி சிறிய டின், மெல்லிய சூப்பர் குளூ, பாலிஷ் காம்பவுண்ட். அதோடு பரிசோதனைக்கென்று ஒரு பலகைத் துண்டு. ஒவ்வொரு பூச்சையும் முதலில் அந்தப் பலகையில் போட்டுப் பாருங்கள். பலகையில் சுருங்கினால் கிட்டாரிலும் சுருங்கும்.

கழற்றுதல்

கம்பிகளை ஒரேயடியாக வெட்டாமல் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். முன்பக்கத்துப் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டைத் திறந்ததும் வயர்கள் எங்கெங்கே போகின்றன என்று நான்கு கோணத்தில் படம் எடுங்கள். ஜாக்கிலிருந்து வரும் இரண்டு வயர், டிரெமொலோ ஸ்பிரிங் பிடியில் பற்றவைத்த எர்த் வயர் ஆகியவற்றைத்தான் பொதுவாக ஈயம் உருக்கி எடுக்க வேண்டியிருக்கும். திருகுகளைத் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். பிக்கார்டு திருகும் பிக்கப் திருகும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் நீளம் வேறு.

கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜுக்கான உலோகக் குழல்கள் இருந்தால் பிடுங்க முயன்று மரத்தைப் பிளந்துவிடாதீர்கள். சுற்றிலும் பூச்சைக் கத்தியால் கீறுங்கள். குழலுக்குள் ஒரு சிறு இரும்புத் துண்டைப் போட்டு, அதற்குரிய திருகைத் திரும்ப உள்ளே செலுத்துங்கள். திருகு அடியை முட்டியதும் குழல் தானாக மேலே ஏறும். அசையாவிட்டால் ஈயம் பற்றவைக்கும் இரும்பைக் குழல்மேல் அரை நிமிடம் வைத்துச் சூடேற்றிவிட்டு முயலுங்கள்.

உரிக்க வேண்டுமா

பெரும்பாலானோர் இங்கேதான் தேவையில்லாமல் இரண்டு வாரத்தைத் தொலைக்கிறார்கள். இன்றைய கிட்டார்களில் பெரும்பான்மைக்கும் பாலியெஸ்டர் அல்லது பாலியூரித்தேன் பூச்சுதான். ஃபெண்டர் நிறுவனமே 1960களின் பிற்பகுதியில் நைட்ரோவிலிருந்து பாலியெஸ்டருக்கு மாறியது. அந்தப் பூச்சு தடித்தது, கடினமானது, மரத்துக்குள் ஈரத்தை விடாதது. அதைவிட நல்ல அடிப்பூச்சை நாம் ஸ்பிரே டப்பாவால் போட முடியாது. ஒற்றை நிறமோ மெட்டாலிக்கோ அடிக்கப் போகிறீர்கள் என்றால் பழைய பூச்சை அப்படியே விட்டுவிட்டு, மேலே பிடிப்பு வரும்படி தேய்த்தால் போதும்.

பூச்சு எந்த வகை என்று தெரிய, பிக்கார்டு மறைக்கும் இடத்தில் அசிட்டோன் தொட்ட பஞ்சை அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு இளகினால் லேக்கர். ஒன்றும் ஆகாவிட்டால் பாலி. பழமையான கிட்டாரில் உள்ள மூலப் பூச்சு லேக்கர் என்று தெரிந்தால் அதைத் தொடாதீர்கள். அதன் மதிப்பில் பெரும் பங்கு அந்தப் பூச்சில்தான் இருக்கிறது.

மர ரேகை தெரியும்படி சாயமிடத்தான் ஆசை என்றால் உரித்தே ஆக வேண்டும். அதற்குமுன் ஓர் எச்சரிக்கை. விலை குறைந்த கிட்டாரில் நிறத்துக்கு அடியில் இருப்பது நான்கைந்து துண்டுகளை ஒட்டிய பாஸ்வுட் அல்லது பாப்லர் பாடியாக இருக்கலாம். அழகிய ரேகை தெரிகிறதென்றால் அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த மெல்லிய மேலொட்டாக இருக்கலாம். ஒட்டுகளை மறைக்கத்தான் பட்டறைக்காரர் நிறம் போட்டிருப்பார்.

உரிப்பதற்குச் சூடான காற்றை ஊதும் துப்பாக்கியான ஹீட் கன்னும் மழுங்கிய பட்டைத் தகடும் சரி. பாலியெஸ்டர் தின்னருக்கும் கடைகளில் விற்கும் பெயிண்ட் நீக்கிக்கும் மசியாது. சூட்டில் இளகியதும் தகட்டை நுழைத்தால் ஓடுபோல் பெயர்ந்து வரும். துப்பாக்கியை ஓரிடத்தில் நிறுத்தினால் மரம் கருகும். அந்தக் கறை சாயத்துக்கு மேலும் தெரியும். சுழலும் எந்திரத்தால் விளிம்புகளைத் தேய்த்தால் வளைவு மாறிப்போகும். விளிம்பு எப்போதும் கைவேலை.

அடித்தளம்

முதலில் நாஃப்தாவால் துடையுங்கள், பிறகு தேயுங்கள். வரிசை மாறக் கூடாது. கிட்டார் பாலிஷிலும் கார் டயர் பளபளப்பியிலும் சிலிக்கோன் இருக்கிறது. துடைக்காமல் தேய்த்தால் அது கீறல்களுக்குள் இறங்கிவிடும். அதன்மேல் அடிக்கும் பெயிண்ட் எண்ணெய்மேல் விழுந்த நீர்போல் விலகி வட்ட வட்டப் பள்ளங்களாக நிற்கும்.

துடைத்த பிறகு 320ஆல் பளபளப்பு முழுவதும் போகும்வரை தேயுங்கள். பளபளப்பான புள்ளி ஒன்றுகூட மிஞ்சக் கூடாது, பிரைமர் பிய்ந்து வருவது அங்கேதான். பாடியின் கொம்புபோல் நீண்ட பகுதிகளின் உள்வளைவில் தாளை விரலில் சுற்றித் தேயுங்கள். சிறு அடிபட்ட குழிகளுக்குச் சூப்பர் குளூவைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிரப்பலாம். பெரிய குழிக்குக் கார் பட்டி. உரித்த மரத்தில் பள்ளம் இருந்தால் ஈரத்துணி வைத்து அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை அழுத்துங்கள். நார் அறுபடாத பள்ளம் ஆவியில் மேலெழும்பும்.

வெறும் மரமென்றால் ஆஷ், மகாகனி இரண்டுக்கும் ரேகைக் குழிகளை நிரப்பும் பசை வேண்டும். ஆல்டர், பாஸ்வுட், பாப்லருக்கு வேண்டாம். பிறகு மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் சேண்டிங் சீலர் மூன்று கோட், ஒரு நாள் இடைவெளி, 320 தேய்ப்பு.

நெக் பொருந்தும் குழியை டேப்பால் முழுவதும் மூடுங்கள். இந்த இடம் இறுக்கமாகச் செதுக்கப்பட்டது. உள்சுவரில் நான்கு கோட் ஏறினாலே நெக் நுழையாது, அழுத்தி நுழைத்தால் ஓரப் பூச்சு வெடிக்கும். பிடிப்பதற்கு 40 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 2 செ.மீ. தடிப்புள்ள மரச்சட்டத்தை நெக் குழியில் வைத்து, பின்புறமிருந்து பழைய நெக் திருகுகள் இரண்டால் முடுக்குங்கள். மறுமுனையில் கொக்கி போட்டால் தொங்கவிடலாம், கையில் பிடித்துத் திருப்பலாம்.

பிரைமர் மூன்று மெல்லிய கோட். மஞ்சள், சிவப்பு, வெளிர்நீலத்துக்கு வெள்ளைப் பிரைமர், மெட்டாலிக்குக்கும் அடர்நிறங்களுக்கும் சாம்பல். ஒரு நாள் கழித்து 400ஆல் தேய்த்து, சாய்த்துப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். இப்போது தெரியும் ஒவ்வொரு கீறலும் கடைசியில் பத்து மடங்கு தெரியும். பட்டி பார்க்க இதுவே கடைசி வாய்ப்பு.

நிறமும் கிளியரும்

டப்பாவை, உள்ளே குண்டு உருளும் ஓசை கேட்ட பிறகும் இரண்டு நிமிடம் குலுக்குங்கள். வெந்நீர் வேண்டவே வேண்டாம். இங்கே அறைவெப்பமே போதும். சொல்லப்போனால் நம் சிக்கல் நேரெதிர்: துளிகள் பாடியைத் தொடுமுன்பே பாதி காய்ந்துவிடும், பரப்பு உப்புத்தாள்போல் சொரசொரக்கும். ஆகவே டப்பாவில் 25 முதல் 30 செ.மீ. என்று போட்டிருந்தாலும் 18 முதல் 20 செ.மீ. தொலைவில், கையைச் சற்று வேகமாக நகர்த்தி அடியுங்கள். பாடிக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, பாடியைக் கடந்த பிறகு விடுங்கள். ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூடட்டும். முதலில் விளிம்புகள், பிறகு பின்புறம், கடைசியாக முன்புறம்.

முதல் கோட் மூடாது. திட்டுத்திட்டாகத் தெரியும். அப்படித்தான் இருக்க வேண்டும். மூடியே தீருவேன் என்று கனமாக அடித்தால் வழியும். கோட்டுக்குக் கோட் 15 நிமிடம், ஒரு பிற்பகலில் மூன்று கோட் என்பது அளவு. மறுநாள் இன்னும் இரண்டு. மெட்டாலிக் நிறத்தைத் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் உலோகத் துகள் கலைந்து கறுப்புத் தழும்பு விழும். அதன் கடைசி கோட்டை மட்டும் சற்றுத் தள்ளி நின்று பனிபோல் தூவினால் வரிவரியாகத் தெரியாது.

கிளியர் இரண்டு நாளில் ஆறு முதல் எட்டு கோட். இது ஏன் இவ்வளவு என்றால், பின்னால் தேய்க்கும்போது பாதி போய்விடும். விளிம்புகளில் கூடுதலாக ஒரு வீச்சு கொடுங்கள். தேய்க்கையில் நிறம் வரை அறுந்துபோவது எப்போதும் விளிம்பில்தான்.

பழைய வெள்ளைக் கிட்டாரின் தயிர் நிறம் வேண்டுவோர் நிறத்தைத் தேட வேண்டாம். ஃபெண்டரின் ஒலிம்பிக் வெள்ளை காலப்போக்கில் பழுப்பேறியதற்கும், லேக் பிளாசிட் நீலம் பச்சை தட்டியதற்கும் காரணம் மேலேயிருந்த கிளியர் மஞ்சளானதே. அதுபோலவே செய்யுங்கள். தூய வெள்ளை அடித்து, மேலே அம்பர் கலந்த கிளியரை ஒரே ஒரு கோட் தூவுங்கள். நெக்கிற்கும் இதே தத்துவம்தான் வரப்போகிறது.

கெட்டுப்போனால்

வெளுத்தால் பதற வேண்டாம். வறண்ட பிற்பகல் வரும்வரை விட்டுவிடுங்கள், லேசான வெளுப்பு தானே கலையும். கலையாவிட்டால் மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை மிக மெல்லிதாகத் தூவினால் பூச்சு இளகி உள்ளிருக்கும் நீரை விடும். அடிப்பூச்சும் ஈரமாய் இருக்கும்போதே இன்னொரு கோட்டால் மறைக்க முயன்றால் வெளுப்பு உள்ளேயே நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும்.

வழிந்த சொட்டை ஈரத்தில் தொடாதீர்கள். மூன்று நாள் காயட்டும். பிளேடின் இரு முனைகளிலும் டேப் ஒட்டி, நடுப்பகுதி மட்டும் சொட்டைத் தொடும்படி சீவி, 600ஆல் சமப்படுத்துங்கள். மழைக்குப் பின் விளக்கைத் தேடி வரும் ஈசல் ஒட்டிக்கொண்டாலும் இதே விதி: பிடுங்கினால் பள்ளம், விட்டுவிட்டுக் காய்ந்தபின் தேய்த்தால் தடயமே இராது.

தோல் சுருங்கியதுபோல் மடிந்துவிட்டால் அது வேறு நோய். எனாமல் வகைமேல் லேக்கர் அடித்திருப்பீர்கள், அல்லது டப்பாவில் போட்டிருக்கும் மறுகோட் நேரத்தைத் தவறவிட்டிருப்பீர்கள். சில டப்பாக்களில் ஒரு மணி நேரத்துக்குள் அடி, இல்லாவிட்டால் இரண்டு நாள் கழித்து அடி என்றிருக்கும். இடைப்பட்ட நேரத்தில் அடித்தால் அரைகுறையாகக் காய்ந்த அடித்தோல் வீங்கிச் சுருங்கும். சுருங்கியதைச் சுரண்டி மறுபடி பிரைமரிலிருந்து தொடங்குவதைத் தவிர வழியில்லை.

நெக்: தேன் நிறம் மேலே மிதக்க வேண்டும்

பழைய மேப்பிள் நெக்கின் பொன்னிறத்தைப் பார்த்துவிட்டு மரச்சாயத்தை வாங்கி வெறும் மேப்பிளில் தடவுவது மிகப் பொதுவான தவறு. மேப்பிள் சீராகக் குடிக்காது. ஒரு பக்கம் திட்டு, ஒரு பக்கம் வெளிர். ஹெட்ஸ்டாக் எனும் தலைப்பகுதியின் முனையிலும், பாடியோடு சேரும் அடிமுனையான ஹீலிலும் நாரின் வாய் திறந்திருப்பதால் அங்கே கறுத்துப்போகும். ஏற்கெனவே பாலி பூசிய நெக்கிலோ சாயம் இறங்கவே இறங்காது, துடைத்தால் போய்விடும். அந்தப் பழைய பொன்னிறத்தில் பெரும்பகுதி பூச்சினுடையது, மரத்தினுடையது அல்ல. எனவே நிறத்தைப் பூச்சில் கலந்து மரத்துக்கு மேலே நிறுத்த வேண்டும்.

வீட்டுக்குள் செய்ய ஏற்றது அரக்கு. நம் ஊர்களில் முத்திரை வைக்கவும் வளையல் செய்யவும் பயன்பட்ட அதே பூச்சிப்பிசின்தான், தூய்மைப்படுத்திச் செதிலாக விற்கிறார்கள். அதன் ஆரஞ்சு வகை இயல்பாகவே தேன் நிறம். மெழுகு நீக்கியது என்று கேட்டு வாங்குங்கள், மெழுகு இருந்தால் மேலே பூசும் பாலியூரித்தேன் ஒட்டாது. 12 கிராம் செதிலை 100 மி.லி. எத்தனாலில் போட்டு, மூடி, அவ்வப்போது குலுக்கி ஓரிரவு வையுங்கள். பிறகு மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஒரு நெக்கிற்கு இது தாராளம். எத்தனால் கிடைக்காவிட்டால் 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலிலும் கரையும், நேரம் கூடும். கை சுத்திகரிப்பானுக்கு வாங்கிய 70 விழுக்காட்டுச் சரக்கு ஆகாது, அதில் நீர் அதிகம். கரைத்ததை மாதக்கணக்கில் வைக்காதீர்கள். நம் வெப்பத்தில் பழையதாகிப்போன அரக்கு இறுகாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும்.

நிறம் இன்னும் வேண்டுமென்றால் ஆல்கஹாலில் கரையும் சாயத்துளி சேர்க்கலாம். 100 மி.லி.க்கு அம்பர் நான்கு துளி, பழுப்பு ஒரு துளியில் தொடங்குங்கள். அந்த ஒரு பழுப்புத் துளி முக்கியம். அம்பர் மட்டும் போட்டால் பூச்சு ஆரஞ்சு மிட்டாய் நிறத்துக்குப் போய்விடும்.

கம்பியை முறுக்கும் டியூனர்களைக் கழற்றுங்கள். விரல் அழுத்தும் பலகையான பிங்கர்போர்டு ரோஸ்வுட் என்றால் பக்கவாட்டு விளிம்பு வரை டேப் ஒட்டி மூடுங்கள். நெக்கின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் நட்டையும், நெக்கின் வளைவைச் சரிசெய்யும் கம்பியான டிரஸ் ராடின் துளையையும் மூடுங்கள். ஹீலில் பாடிக்குள் போகும் பகுதியில் எதுவும் பூசக் கூடாது. பாலி பூசிய நெக்கை நாஃப்தாவால் துடைத்து 600ஆல் மங்கும்வரை தேயுங்கள். ஹெட்ஸ்டாக்கில் லோகோ பூச்சுக்கு மேலே ஒட்டப்பட்டிருக்கக்கூடும். விரலால் தடவி விளிம்பு தட்டுப்பட்டால் அதைத் தேய்க்காமல் சுற்றிப் போங்கள்.

பஞ்சை உள்ளே வைத்துப் பருத்தித் துணியால் சுற்றிய உருண்டையில் அரக்கை நனைத்து, சொட்டாதபடி பிழிந்து, ஹீலிலிருந்து ஹெட்ஸ்டாக் வரை ஒரே இழுப்பில் போங்கள். விட்டுப்போன இடத்துக்குத் திரும்பாதீர்கள். ஆல்கஹால் உடனே காய்வதால் திரும்பித் தொட்டால் இழுபட்டுக் கோடு விழும். விட்டதை அடுத்த கோட் மூடும். அரை மணிக்கு ஒரு கோட், ஒரு நாளில் மூன்று. ஐந்திலிருந்து எட்டுக் கோட்டுக்குள் இளந்தேன் நிறம் வந்துவிடும். அரக்கும் ஈரக்காற்றில் வெளுக்கும், பிற்பகல் விதி இதற்கும் உண்டு.

எப்போது நிறுத்துவது என்பதுதான் இங்கே கலை. விரும்பும் நிறத்துக்கு ஒரு படி முன்னதாக நிறுத்துங்கள். மேலே வரும் கிளியர் அதை ஆழப்படுத்தும். சன்னல் பக்கத்தில் பகல் வெளிச்சத்தில், பாடியோடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். வீட்டு வெள்ளை விளக்கில் சரியாகத் தெரிந்த நெக் வெயிலில் பூசணியாகத் தெரியும்.

நிறக் கோட்டுகளை எக்காரணத்துக்காகவும் தேய்க்காதீர்கள். ஓரிடத்தில் அறுந்தால் வெளிர்ப்பட்டை தெரியும், அதைத் தொட்டுச் சரிசெய்தால் அந்த இடம் மட்டும் கறுக்கும். ஒரு நாள் விட்டு, துணியால் தடவும் எண்ணெய் வகைப் பாலியூரித்தேன், சாட்டின் (மங்கிய பளபளப்பு) வகை, நான்கு கோட் போடுங்கள். குளிர்நாட்டு டப்பாவில் சில மணி நேரம் என்று எழுதியிருக்கும், இங்கே கோட்டுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். வியர்வையும் கை சுத்திகரிப்பானும் அரக்கை இளக்கும் என்பதால் இந்த மேல்பூச்சைத் தவிர்க்க முடியாது. இரண்டாவது கோட்டுக்குப் பிறகு 800ஆல் பூப்போல் வருடலாம். நெக்கின் பின்புறத்துக்குச் சாட்டினையே பரிந்துரைக்கிறோம். பளபளப்பான நெக்கில் நம் வியர்த்த கை ஒட்டிக்கொண்டு நகராது. ஹெட்ஸ்டாக் முகப்பை மட்டும் பளபளப்பாக்கினால் அழகு.

மேப்பிள் பிங்கர்போர்டும் நிறமேற வேண்டுமென்றால் பிரெட்டுகளோடு சேர்த்தே பூசிவிட்டு, முழுதாகக் காயுமுன் பிரெட்டின் அடியில் இரு பக்கமும் கத்தியால் மெல்லக் கீறி, மேலுள்ளதைப் பிளேடால் சுரண்டி எடுங்கள். கீறாமல் சுரண்டினால் பூச்சு பலகையிலிருந்தே கிழியும்.

எண்ணெய்ப் பாலியூரித்தேன் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் குழாயில் போடாதீர்கள். எண்ணெய் காற்றோடு சேர்ந்து சூடேறித் தானே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து, அல்லது நீரில் ஊறவைத்த பிறகே எறிய வேண்டும். மிச்சத் தின்னரைச் சாக்கடையிலோ கழிவறையிலோ ஊற்றக் கூடாது.

காய்தல், தேய்த்தல்

தொட்டால் ஒட்டவில்லை என்பது காய்ந்ததற்கு அடையாளம் அல்ல. மூக்கை அருகில் வைத்து முகருங்கள். தின்னர் வாடை இருக்கும்வரை பூச்சு இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கிறது. அக்ரிலிக்குக்கு மூன்று வாரம், நைட்ரோவுக்கு நான்கு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் காற்றோட்டமான இடத்தில் ஆவி போகட்டும். பிறகு ஏர்கான் அறையிலோ ஈரம் நீக்கும் கருவி ஓடும் அறையிலோ தொங்கவிட்டால் வேகம் கூடும். மறைவான இடத்தில் நகத்தால் அழுத்தித் தழும்பு விழவில்லை என்றால் தேய்க்கத் தொடங்கலாம். அவசரப்பட்டுப் பாலிஷ் போட்டால் அன்று கண்ணாடியாகத் தெரியும். பின்னர் பூச்சு சுருங்கி, 400இன் கீறல்களெல்லாம் மேலே எழும்பி வரும்.

நீர்விட்டுத் தேய்க்கையில் திருகுத் துளைகளுக்குள் நீர் இறங்கினால் மரம் உப்பித் துளையைச் சுற்றிப் பூச்சு விரியும். எல்லாத் துளைகளையும் மெழுகால் அடையுங்கள், அல்லது நீருக்குப் பதில் நாஃப்தா தொட்டுத் தேயுங்கள். 1000இல் தொடங்கி ஆரஞ்சுத்தோல் போன்ற மேடுகள் சமமாகும்வரை தேயுங்கள். நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் தாள் அடைக்காது. மங்கிய பரப்பில் பளபளப்பான சிறு குழிகள் தெரிந்தால் இன்னும் சமமாகவில்லை என்று பொருள். பிறகு 1500, 2000, அதன்பின் காம்பவுண்ட். 1000இன் கீறல் காம்பவுண்டில் போகவே போகாது, அதை 1500தான் எடுக்கும்.

மாட்டுதல்

உலோகக் குழல்களை அடிக்குமுன் துளையின் உட்சுவரிலுள்ள பெயிண்டைச் சுருட்டிய உப்புத்தாளால் எடுத்துவிடுங்கள். விட்டால் குழல் இறங்கும்போது மேற்பூச்சையும் பிளந்துகொண்டு போகும். திருகுத் துளைகளின் வாயைக் கையால் திருப்பும் அகன்ற டிரில் முனையால் சற்றே சரிவாக்குங்கள். இல்லாவிட்டால் திருகு ஏறும்போது பூச்சைத் தூக்கிவிடும். திருகுகளுக்கு மெழுகுவத்தி மெழுகு தடவுங்கள். சோப்பு வேண்டாம், அது ஈரத்தை இழுத்துத் திருகைத் துருவாக்கும்.

நெக் குழி டேப்பை எடுக்குமுன் அதன் விளிம்பைக் கத்தியால் கீறிவிட்டு உரியுங்கள். நெக் கையழுத்தத்தில் உட்கார வேண்டும். தட்ட வேண்டியிருந்தால் எங்கோ பெயிண்ட் மிச்சமிருக்கிறது, தேடிச் சுரண்டுங்கள். எர்த் வயரை மறுபடி பற்றவைத்த பிறகு மல்டிமீட்டரால் பிரிட்ஜுக்கும் ஜாக்கின் எர்த்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். கம்பிகளை முழு இழுவிசைக்கு ஏற்றி ஒரு நாள் விட்ட பிறகே டிரஸ் ராடைத் தொடுங்கள்.

முதல் சில மாதம் ரப்பர் பிடியுள்ள கிட்டார் ஸ்டாண்டில் வைக்காதீர்கள். ரப்பரிலிருந்தும் வினைலிலிருந்தும் கசியும் பொருள் லேக்கரை இளக்கி ஒட்டிக்கொள்ளும். பிடியில் வெள்ளைப் பருத்தித் துணியைச் சுற்றிவிட்டு வையுங்கள், நைட்ரோ என்றால் அந்தத் துணி எப்போதும் இருக்கட்டும்.